நான்காவது வளைவு

7

கையெழுத்துப் போடப் போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பயந்துகொண்டு போடுவார்கள், அழுதுகொண்டு போடுவார்கள், மாட்டிக்கொண்டோமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு போடுவார்கள். அந்தச் சனிக்கிழமை மதியம் ஒரு மணிக்கு நாங்கள் போய்ப் பார்த்த பெண் ஆசையோடு போடக் காத்திருந்தாள்.

தொழிற்சாலைகளுக்குக் காற்றுக்குழாய் வடிவமைக்கிற எஞ்சினியர் அவள். ஒன்பது நாளைக்கு முன்னால், இரும்புத் தண்ணீர்த் தொட்டி செய்யும் ஆலை ஒன்றில், பெயிண்ட் அறைக்குள் இரண்டு பேர் செத்துப்போனார்கள். ஒருவர் பெயிண்டர். இன்னொருவன் அவர் மனைவியின் தம்பி. பெயிண்ட் புகையை வெளியே இழுக்க வேண்டிய குழாய் போதுமான அளவு இழுக்கவில்லை. குழாய்க்குக் கணக்குப் போட்டவள் இவள். பாதுகாப்பு அலுவலகத்து ஆபீசர் ஒரு வாக்குமூலம் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார். 'என் கணக்குத் தவறே இந்த மரணங்களுக்குக் காரணம்.' நான்கு மணிக்குப் போய்க் கையெழுத்துப் போட்டால் கேஸ் முடிந்தது. அவளுடைய வாழ்க்கையும்தான்.

எங்களைக் கூப்பிட்டது அவளுடைய தங்கை. எங்களை என்றால், சர்வேயர் மேடத்தையும் என்னையும். மேடம் இருபது வருடம் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன ஆலைகளை அளந்தவர். எல்லோரும் அழுது முடித்த இடத்தில் டேப்பை நீட்டுவது அவர் வேலை. நான் ஆம்புலன்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தவன். வாய் மூடாததால் ரேடியோ என்று பெயர். இப்போது மேடத்துக்குக் கார் ஓட்டுகிறேன், ஏணி ஏறுகிறேன், அவர் மரியாதைக்காகச் சொல்லாமல் விடுவதை எல்லாம் அவருக்குப் பதிலாகச் சொல்கிறேன்.

சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம். எஞ்சினியர் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"தப்பைக் கண்டுபிடிச்சிட்டேன் மேடம். பதினோராவது தடவை பார்த்தப்ப கிடைச்சுது."

"எனக்குப் புரியற மாதிரி சொல்லு," என்றார் மேடம். "இவனுக்கும் புரிஞ்சா இன்னும் நல்லது."

அவள் ஒரு காகிதத்தை எங்கள் பக்கம் திருப்பினாள். "நேரான குழாயில காத்தை இழுக்க விசிறிக்குப் பெரிய சிரமம் இல்ல. வளைவுலதான் சிரமம். இது உருண்டைக் குழாய் இல்ல, செவ்வகம். திரும்புற இடத்துல காத்து எதிர்ச்சுவர்ல போய் மோதும், உள்மூலையில சுழலும். அங்கே விசிறியோட பலம் வீணாப் போகும். ஒவ்வொரு வளைவுலயும் எவ்வளவு வீணாகும்னு கணக்குப் போட்டுக் கூட்டி, அதுக்கு ஈடு குடுக்கற விசிறியை வாங்கணும்."

"சினிமா விட்டதும் கூட்டம் படிக்கட்டுத் திருப்பத்துல முட்டிக்கிற மாதிரி," என்றேன்.

"அதேதான். அதுக்காக வளைவுக்குள்ள வளைஞ்ச தகடுகளை வரிசையா வெப்போம். கயிறு கட்டிக் கூட்டத்தை வரிசையில விடற மாதிரி. தகடு இருந்தா ஒரு வளைவுல வீணாகற அழுத்தம் இருபத்திரண்டு பாஸ்கல். தகடு இல்லைன்னா நூத்தி நாலு."

"உன் தப்பு எங்கே?"

"மொத்தம் நாலு வளைவு. முதல் மூணும் படுக்கையாத் திரும்புது. நாலாவது கூரையைப் பார்த்து மேலே திரும்புது. குழாய் அறுநூறு அகலம், முந்நூறு உயரம். மேலே திரும்பும்போது கணக்குல அந்த ரெண்டையும் இடம் மாத்திப் போடணும். நான் மாத்தல. பழைய வரிசையிலயே எழுதிட்டேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷத்துல பண்ற தப்பு இது."

"அதனால எவ்வளவு வித்தியாசம்?"

"ஒன்பது பாஸ்கல்."

"மொத்தத்துல?"

"இருநூத்தி நாப்பத்தெட்டுல."

மேடம் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். "அதனால காத்து எவ்வளவு குறையும்?"

எஞ்சினியரின் குரல் இறங்கியது. "நூத்துக்கு ரெண்டு."

"ஆபீசர் அன்னிக்கு அளந்தப்ப?"

"நூறு வரவேண்டிய இடத்துல எழுபது."

"அப்ப மீதி இருபத்தெட்டு எங்கேம்மா போச்சு?"

"வேற எங்கேயோ இன்னொரு தப்பு பண்ணியிருக்கேன். என் கண்ணுக்குத் தெரியல." காகிதங்களை நேராக அடுக்கினாள். ஏற்கெனவே நேராகத்தான் இருந்தன. "விசிறி நல்லா இருக்கு. வடிகட்டி அந்த வாரம்தான் புதுசா மாத்தினது. ஆபீசர் குழாயைத் திறந்து போட்டோ எடுத்திருக்கார். தகடெல்லாம் என் டிராயிங்ல இருக்கற மாதிரியே இருக்கு. அப்ப மிச்சம் என் கணக்குதானே? ரெண்டு பேர் செத்திருக்காங்க மேடம். அவங்க எந்தத் தப்பும் பண்ணல."

எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. ஆம்புலன்ஸில் இப்படி ஆட்களைப் பார்த்திருக்கிறேன். குடித்துவிட்டுப் பின்னால் வந்து மோதியவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நிற்பான். அடிபட்டவனோ, நான் இன்னும் ஓரமாகப் போயிருக்கலாம் சார் என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பான். சின்னத் தப்பு ஒன்று கையில் கிடைத்ததும் பெரிய தப்பையும் சேர்த்துத் தலையில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள் இவள்.

மேடம் கேள்வியை விடவில்லை. "ஆபீசர் காத்தை எப்ப அளந்தார்?"

"அன்னிக்கே, மத்தியானம்."

"குழாயைத் திறந்தது?"

"மூணாம் நாள்."

"நடுவுல ரெண்டு நாள் என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல. பெயிண்ட் ரூமுக்கு சீல் வெச்சு, விசிறிக்குக் கரண்ட்டைக் கட் பண்ணிட்டாங்க."

"திறந்ததுக்கு அப்புறம் திரும்ப ஒரு தடவை அளந்தாரா?"

அவள் மேடத்தைப் பார்த்தாள். "இல்ல."

மேடம் நோட்டை மூடினார். "நாலு மணி வரைக்கும் பேனா மூடியைத் திறக்காதே."

* * *

ஆலையில் எங்களைச் சுற்றிக் காட்ட சூப்பர்வைசர் வந்தார். இஸ்திரி கலையாத சட்டை, பையில் மூன்று பேனா. பெயிண்ட் அறைக் கதவில் அரக்கு சீல் கம்பீரமாக இருந்தது. கதவுக்கு மேலே சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்த தகரக் குழாய், பக்கத்து ஒர்க்‌ஷாப்பின் தூண்களைச் சுற்றி மூன்று முறை திரும்பி, கோடிச் சுவருக்குப் போய், அங்கே தரை பள்ளமாக இறங்குவதால் இருபதடி உயரத்தில் கூரையை நோக்கித் திரும்பியது.

"கைதியைப் பூட்டிட்டு ரெண்டு காலையும் வெளியே விட்டிருக்காங்க," என்றேன்.

சூப்பர்வைசர் சிரிக்கவில்லை. "எல்லாம் டிராயிங் படிதாங்க. நீங்களே பாருங்க."

முதல் மூன்று வளைவுகளும் ஒரு மேசைமேல் ஏறி நின்றால் கைக்கு எட்டும். ஒவ்வொன்றிலும் சுரண்டுவதற்காக ஆரம்பத்திலேயே வைத்த சின்ன மூடி இருந்தது; ஆபீசரும் அதைத் திறந்துதான் பார்த்திருந்தார். மேடம் தன் ஐம்பத்தாறு வயதையும் பொருட்படுத்தாமல் மேசைமேல் ஏறி, மூடியைத் திறந்து டார்ச் அடித்தார். உள்ளே வளைந்த தகடுகள் வரிசையாக, அழகாக நின்றன. விரலை விட்டு ஒரு தகட்டின் ஓரத்தைத் தடவினார். பிறகு பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்துத் தகட்டைச் சுரண்டினார். அதே நாணயத்தால் குழாயின் சுவரையும் சுரண்டினார். அடுத்த வளைவு. அதற்கடுத்த வளைவு. ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் பேசாமல் இருந்தால் எனக்கு வேலை வரப்போகிறது என்று அர்த்தம்.

"ரேடியோ, நாலாவதுக்கு நீ ஏறு."

ஏணியை அண்ணாந்து பார்த்தேன். "மேடம், படுத்துட்டுப் போறவங்களை ஓட்டிட்டுப் போய்த்தான் எனக்குப் பழக்கம். நானே படுத்துட்டுப் போக ஆசை இல்ல."

"ஆபீசர் இதுல ஏறினாரா?" என்று மேடம் சூப்பர்வைசரைக் கேட்டார்.

"அவர் கீழேருந்தே பார்த்தாருங்க. மூணு சரியா இருந்தா நாலாவதும் சரியாத்தான் இருக்கும்னார்."

ஏறினேன். இங்கேயும் அதே மாதிரி மூடி ஒன்று இருந்தது. அதைக் கழற்றி டார்ச் அடித்தேன்.

"தகடு இருக்கு மேடம். நீலம் அப்பியிருக்கு, விரல் தடிமனுக்கு."

"சுரண்டு. அடியில என்ன?"

சாவியால் சுரண்டினேன். "பழுப்பு."

"குழாய்ச் சுவர்ல?"

"அதே கதை. மேலே நீலம், அடியில பழுப்பு."

"இறங்கி வா."

இறங்கி வந்தவனை மேசைமேல் ஏற்றி முதல் வளைவைக் காட்டினார். குழாயின் சுவரில் மேலே நீலம், அடியில் பழுப்பு. தகட்டில் பழுப்பு மட்டும். நான் தகட்டின் முன்பக்கம், பின்பக்கம், ஓரம் எல்லாம் பார்த்தேன். பொட்டு நீலம் இல்லை. மூன்று வளைவிலும் அப்படித்தான். ஏதாவது சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் ஏறி நின்ற மேடத்தின் செருப்பு என் காலை அழுத்தியது.

"நீல பெயிண்ட் எப்பலேருந்து அடிக்கறீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"நாலு மாசமா நீலம்தாங்க. பெரிய ஆர்டர். அதுக்கு முன்னாடி பழுப்பு."

"தகட்டுல பெயிண்ட் சேராதா?"

"சேரும். அதைச் சுரண்டறதுக்குன்னே வாரம் ஒரு நாள் வெச்சிருக்கோம். சனிக்கிழமை ஒரு மணியிலேருந்து நாலு வரை. பெயிண்டரும் அவன் மச்சானும் சுரண்டுவாங்க, நான் பார்த்துக் கையெழுத்துப் போடுவேன். பராமரிப்புல நாங்க ரொம்பக் கண்டிப்புங்க."

"ரிஜிஸ்டர் இருக்கா?"

ஆசையோடு ஓடிப்போய் எடுத்து வந்தார். பதினாறு சனிக்கிழமை, பதினாறு வரி. 'நான்கு வளைவுகளிலும் தகடுகள் சுரண்டப்பட்டன. நேரில் பார்த்தேன்.' கீழே அவருடைய கையெழுத்து, பதினாறும் ஒரே மாதிரி.

"இதுல ஒரு ஜெராக்ஸ் குடுங்க. உண்மை நகல்னு அதுலயும் ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

போட்டார். கையெழுத்தில் அந்த மனிதருக்குச் சிக்கனமே கிடையாது.

"இங்கே தகர வேலை யார் செய்யறது?"

"ஒரே ஃபிட்டர்தான். இறந்துபோன பெயிண்டரோட சொந்த அண்ணன். பாவம், தம்பி உடம்பு ஆஸ்பத்திரியில இருந்தப்பகூட ரெண்டு நாள் வேலைக்கு வந்தார். வீட்டுல உட்கார முடியலன்னார். அதுக்கப்புறம் வரல."

* * *

கார் கதவைச் சாத்தியதும் மேடம் எஞ்சினியருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மணி இரண்டே முக்கால்.

"மூணு வளைவுல தகடு இல்லைன்னு வெச்சுக்கோ. காத்து எவ்வளவு வரும்?"

பென்சில் ஓடும் சத்தம் கேட்டது. "எழுபத்தொண்ணு." பென்சில் மறுபடி ஓடியது. "என்னோட ஒன்பதையும் சேர்த்தா எழுபது."

"நாலுலயும் இல்லைன்னா?"

"அறுபத்தஞ்சு."

"ரெண்டுல?"

"எழுபத்தேழு." பென்சில் நின்றது. "மூணுதான் மேடம். சரியா எழுபது வருது. ஆனா தகடு இருக்கே. போட்டோவுல இருக்கே."

மேடம் நீலத்தையும் பழுப்பையும் சொன்னார்: நீலம் அடித்த நாலு மாதமும் அந்தத் தகடுகள் குழாய்க்குள் இல்லை, அப்புறம்தான் யாரோ திரும்ப வைத்திருக்கிறார்கள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"ஆபீசர் ஒத்துக்க மாட்டார்," என்றாள். "வேற கரைசல் ஊத்திச் சுரண்டினா நீலம் மட்டும் போயிடும்னு சூப்பர்வைசர் சொல்லுவார். ரிஜிஸ்டர் இருக்கு. எடுத்தேன்னு யாராவது வாயைத் திறந்து சொன்னாத்தான் உண்டு. யார் சொல்லுவாங்க?"

போனை வைத்ததும் நான் தீர்ப்பு எழுதிவிட்டேன். "அந்த மூணு பேனாக்காரன்தான். தகட்டை எடுக்கச் சொன்னவனும் அவன், ரெண்டு பேர் செத்ததும் பயந்து திரும்ப வெச்சவனும் அவன். திருப்புங்கன்னா காரைத் திருப்பிடறேன்."

"தகட்டோட ஓரத்தைத் தடவினியா?"

"பார்த்தேன், தடவல."

"புது ரிவெட் அடிச்சிருக்கு. அந்த ரிவெட் தலை ஒவ்வொண்ணையும் அரத்தால ராவி வழவழன்னு ஆக்கியிருக்கு. மூடின குழாய்க்கு உள்ளே, யாரும் பார்க்காத இடத்துல." மேடம் கண்ணாடியைத் துடைத்தார். "பயந்துபோய்ச் செய்யறவன் நாலு ஸ்க்ரூவை முறுக்கிட்டு ஓடியிருப்பான். இது செத்தவனுக்காகச் செஞ்ச வேலை. பெயிண்டர் வீட்டுக்கு ஓட்டு."

* * *

மூன்றாவது மாடி. பொதுவான நீள வராந்தா, வரிசையாகக் கதவுகள். ஒரு கதவுக்கு வெளியே இரண்டு ஜோடி வேலை பூட்ஸ், நீலப் புள்ளிகளோடு, ஜோடி ஜோடியாகச் சுவரோரம் வைத்திருந்தது. ஆஸ்பத்திரியில் கழற்றிக் கொடுத்திருப்பார்கள்; யாரும் அதை எடுத்து உள்ளே வைக்கவில்லை. எத்தனையோ உடல்களைத் தூக்கியவன்தான் நான். அந்த பூட்ஸைத் தாண்டிப் போக எனக்குக் கால் வரவில்லை.

பெயிண்டரின் மனைவி கதவைத் திறந்தாள். முப்பது வயது இருக்கும். ஒரே நாளில் புருஷனையும் தம்பியையும் பறிகொடுத்தவள். யார், என்ன என்று கேட்காமல், தண்ணீர் கொண்டுவருவதாகச் சொல்லி உள்ளே போனாள். ஃபிட்டர் வராந்தாவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். கைகள் இரண்டும் முழங்காலில் சும்மா கிடந்தன.

மேடம் அவருக்கு எதிரே வராந்தா சுவரில் சாய்ந்து நின்றார். முன்னுரை எதுவும் இல்லை.

"ரிவெட் தலையை எதுக்கு ராவினீங்க?"

"ராவலைன்னா அதுல பெயிண்ட் பிடிக்கும்," என்றார் ஃபிட்டர். பழக்கத்தில் வந்த பதில். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு எட்டியது. உள்பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "யார் நீங்க?"

"அந்தக் கணக்கைப் போட்ட பொண்ணுக்காக வந்திருக்கோம். நாலு மணிக்கு அவ குத்தத்தை ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடறா."

கீழே தெருவில் யாரோ லாரியைப் பின்னால் எடுக்கச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

"படிச்ச பொண்ணு, எப்படியாவது தப்பிச்சுக்கும்னு நெனச்சேன்," என்றார் கடைசியில்.

"தகட்டை எடுத்தது யாரு?"

"நான்தான். துளை போட்டு ரிவெட்டைக் கழட்டினேன்." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நீல ஆர்டர் கிடைச்சதும், பாக்கிப் பழுப்புத் தொட்டியெல்லாம் சீக்கிரம் முடிக்கணும்னு சூப்பர்வைசர் சனிக்கிழமை சுரண்டற மூணு மணி நேரத்தைப் புடுங்கிட்டார். அதுலயும் தொட்டி அடிங்க, நாலு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சப்புறம் உங்க நேரத்துல சுரண்டிக்கோங்கன்னார். ரெண்டு பேரும் ராத்திரி ஏழு மணி வரை உள்ளே கிடந்தாங்க. 'அண்ணா, இந்தத் தகடு என்னத்துக்கு, சும்மா பெயிண்டைப் பிடிச்சு வெக்குது, எடுத்துடேன்'னான் தம்பி. எனக்கும் சரின்னுதான் பட்டுச்சு. தகரத்தை எப்படி வளைக்கணும்னு முப்பது வருஷமாத் தெரியும். காத்து எப்படி வளையும்னு தெரியல."

"நாலாவதை விட்டுட்டீங்க."

"ரொம்ப உயரம். அதுல எப்படியும் கம்மியாத்தான் பிடிக்கும், விட்டுடுன்னான்." உள்ளங்கையை முழங்காலில் துடைத்துக்கொண்டார். "ரெண்டு பேரையும் வெளியே தூக்கிட்டு வந்தது நான்தான். அந்த ஆபீசர் ஏதோ கருவியை வெச்சு அளந்துட்டு, காத்து பத்தலன்னார். எனக்கு அந்த நிமிஷமே புரிஞ்சுபோச்சு."

"அடுத்த ரெண்டு நாள்ல திரும்ப வெச்சீங்க. தண்டனைக்குப் பயந்தா?"

"தண்டனை குடுத்தா நிம்மதியா வாங்கிக்குவேன்." உள்பக்கம் கையைக் காட்டினார். "அவளுக்குத் தெரியக் கூடாது. செத்தவன்ல ஒருத்தன் அவ தம்பி. அவ கையில வளர்ந்தவன். புருஷன் சொல்லித்தான் தகட்டை எடுத்ததுன்னு தெரிஞ்சா, அவ யாரை நெனச்சு அழுவா? புருஷனையா? தம்பியைக் கொன்னவனையா? அழறதுக்காவது அவளுக்கு ஒரு ஆள் சுத்தமா மிஞ்சட்டும்னு பார்த்தேன்."

மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பது.

"ஆபீசர்கிட்ட வரேன்," என்றார் ஃபிட்டர். "நானா எடுத்தேன்னு சொல்றேன். தம்பி பேரு மட்டும் வேண்டாம்."

"ஏன் எடுத்தீங்கன்னு கேட்பாரே. என்ன சொல்லுவீங்க?"

என் போன் அடித்தது. எஞ்சினியரின் தங்கை.

"அக்கா ஆபீசர் ரூமுக்குள்ள போயிட்டா. நான் வெளியே உட்கார்ந்திருக்கேன். ஏதாவது பண்ணுங்க சார்."

அப்போதுதான் வாசற்படியில் பெயிண்டரின் மனைவி நிற்பதைப் பார்த்தேன். கையில் தட்டு, தட்டில் மூன்று டம்ளர். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியாது. ஒரு சொட்டுத் தண்ணீர் சிந்தியிருக்கவில்லை.

"மாமா," என்றாள் ஃபிட்டரிடம். "அவர் பேரையும் சொல்லுங்க."

ஃபிட்டர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் சாய்ந்தது. "உனக்கு இதெல்லாம்..."

"எனக்குத் தெரியும் மாமா. எடுத்த அன்னிக்கே சொன்னார்." தட்டை வராந்தா சுவர்மேல் வைத்தாள். "நான்தான் கேட்டேன். வாரத்துல ஒரு நாளாவது வெளிச்சம் இருக்கும்போது வீட்டுக்கு வாங்கன்னு. அழுது சண்டை போட்டேன். அடுத்த வாரமே, தகட்டை அண்ணன் எடுத்துட்டார், இனிமே சனிக்கிழமை நாலு மணிக்கு வந்துடுவேன்னார். தம்பியும் கூடவே வருவான். நாலு மாசம் வந்தாங்க."

"சொல்லவே இல்லையேம்மா நீ."

"சொன்னா உங்க கையை நீங்களே வெட்டிக்குவீங்கன்னு பயமா இருந்துச்சு."

ஒன்பது நாளாக ஒரே வீட்டுக்குள் இரண்டு பேர், ஒருவருக்காக ஒருவர், ஒரே உண்மையை ஒளித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கான விலையை ஊரின் இன்னொரு மூலையில் வேறொரு பெண் கட்டப் போகிறாள். எனக்கு இவர்கள்மேல் கோபப்படவும் முடியவில்லை, படாமல் இருக்கவும் முடியவில்லை.

மேடம் பையிலிருந்து ஜெராக்ஸை எடுத்து ஃபிட்டரின் கையில் வைத்தார். "துளை போட்டது உங்க கைதான். நான் மறைக்கப் போறதில்ல. ஆனா இதைப் படிங்க. நாலு வளைவுலயும் தகட்டைச் சுரண்டினாங்க, நேர்ல பார்த்தேன். பதினாறு வாரம். மூணு வளைவுல இல்லாத தகட்டை. இதுல ஒரு சனிக்கிழமை சூப்பர்வைசர் நிஜமாவே மேசைமேல ஏறி மூடியைத் திறந்திருந்தா, இந்த வாசல்ல இருக்கற பூட்ஸுக்கு இன்னிக்குக் கால் இருந்திருக்கும். நீங்க பேசினாத்தான் இந்தக் காகிதமும் பேசும்."

ஃபிட்டர் வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். பெயிண்டரின் மனைவி அதைப் பார்க்கவே இல்லை. என்னிடம் கையை நீட்டினாள். "போனைக் குடுங்க. அந்தப் பொண்ணுகிட்ட நான் பேசறேன்."

ஸ்பீக்கரில் போட்டு, இன்னும் லைனில் இருந்த தங்கையிடம், உள்ளே ஓடிப்போய் அக்காவிடம் போனைக் கொடு என்று சொல்லிவிட்டு, போனை இவள் கையில் கொடுத்தேன். கதவு திறக்கும் சத்தமும், ஓர் ஆண் குரல் அதட்டுவதும், நாற்காலி நகர்வதும் கேட்டன. பிறகு எஞ்சினியரின் குரல்.

"ஹலோ?"

"நான் பெயிண்டர் சம்சாரம் பேசறேம்மா. நீங்க கையெழுத்துப் போடாதீங்க. மூணு வளைவுல தகடு இல்ல. எடுத்துட்டோம். எங்க வீட்டுல எல்லாருக்கும் தெரியும். நாங்க கிளம்பி வந்துட்டே இருக்கோம்."

அந்தப் பக்கம் பேனாவை மேசையில் வைக்கிற மெல்லிய சத்தம் ஸ்பீக்கரில் கேட்டதாக எனக்குத் தோன்றியது. இன்றுவரை அதை நான் கற்பனை என்று ஒப்புக்கொண்டதில்லை.

"அக்கா," என்றாள் எஞ்சினியர். இப்போதுதான் அழுதாள். "நாலாவது வளைவுல நானும் ஒரு தப்புப் பண்ணியிருக்கேன். சின்னதுதான். ஆனா தப்பு."

"அதையும் சொல்லுங்க," என்றாள் இவள். "அதை மட்டும் சொல்லுங்க."

போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்படியே படியை நோக்கி நடந்தாள். முகம் கழுவவில்லை, தலையைக்கூடச் சரிசெய்துகொள்ளவில்லை. பூட்ஸ்களைப் பார்த்துக் கவனமாக ஒதுங்கி நடந்தாள். ஃபிட்டர் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் வந்தார். வீட்டுக் கதவு விரியத் திறந்து கிடந்தது.

"கதவைப் பூட்டலியாம்மா?" என்று நான்தான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

அவள் முதல் படியில் நின்றாள். "சனிக்கிழமை நாலு மணிக்குப் பூட்டிப் பழக்கம் இல்ல."

பிறகு ஃபிட்டர் திரும்பிப் போய், இரண்டு ஜோடி பூட்ஸையும் எடுத்து உள்ளே வைத்துவிட்டு, கதவைச் சாத்திப் பூட்டி, சாவியைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்.